நெட் கிடைக்காத பேருந்து

குளச்சலிலிருந்து நாகர்கோவில் செல்லும் பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்தவர் அவர். வளைகுடா வெயிலில் வெந்து கறுத்த முகம். செல்போன் திரையை வேட்டி நுனியால் ஓயாமல் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறாளாம். தகப்பன் போனில் ஒப்புதல் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். விதிமுறை என்று வந்தால் யாரும் கேட்காமலே விளக்குபவன் நான்.

“இது முந்திப் போடுத வகை. இடம் கெடைச்சா கண்டிப்பா சேரணும், மத்த காலேஜையெல்லாம் விட்டிரணும். ரோலிங்னு இன்னொண்ணு உண்டு. விண்ணப்பம் வர வர பதில் சொல்லுவாவ, நிதானமா முடிவு பண்ணலாம்.”

“அப்பம் ரோலிங்குல போட்டா மனசு மாறலாம், இல்லியா சார்?”

“யாருக்கு? அவளுக்கா, உங்களுக்கா?”

“நான் வருசக்கணக்கா வெளிநாட்டுல தனியா கெடந்தவன் சார்” என்றார். திரையை மறுபடி துடைத்தார்.

போன் அடித்தது. மகளின் குரல் எனக்கும் கேட்டது.

“அப்பா, ஒப்புதல் குடுத்தாச்சா?”

“நெட்டு கெடைக்கல்ல மக்கா. பஸ்சுல இருக்கேன்.”

திரையில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்திருந்தன.

“பக்கத்துல ஆருகிட்டயாவது ஹாட்ஸ்பாட் கேளுங்கப்பா. நேரம் முடியப் போவுது!”

அவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று நான் சொல்லவேண்டும் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. ஆனால் எனக்குக் கெடுதான் பெரிது. ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொடுத்தேன்.

அவர் ஒப்புதல் பொத்தானை அமுக்கினார். அதன்பின் திரையைத் துடைக்கவில்லை. நாகர்கோவிலில், “ரொம்ப நன்றி சார்” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அந்த நன்றியை என்ன செய்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.