மருமகனின் மோட்டார் சைக்கிளும் மெர்சியின் ஜெபமும்

சென்ற மழைக்காலத்தில், என் மருமகன் செல்வினின் மோட்டார் சைக்கிளைத் தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கு ஏற்றிச் சென்ற லாரி மலைப்பாதையில் கவிழ்ந்தது. வண்டி நொறுங்கிப்போனது. திருநெல்வேலியில் அவனுக்கு மருந்து கம்பெனியில் விற்பனை வேலை கிடைத்திருந்தது. சொந்த வண்டி இருந்தால்தான் வேலை.

"மாமா, இன்சூரன்ஸ் பணம் வந்துரும்லா?" என்று போனில் கேட்டான். "விசாரிச்சுச் சொல்லுதேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

வண்டியை அனுப்பும் பொறுப்பை அவன் என்னிடம் விட்டிருந்தான். வழியில் சேதமானால் கிடைக்கும் இன்சூரன்ஸுக்குத் தனியாகப் பணமும் கொடுத்திருந்தான். லாரி ஆபீஸில் புக்கிங் பார்த்தவர் எங்கள் திருச்சபையைச் சேர்ந்த ஐயாத்துரை.

"போட்டுருங்க அண்ணாச்சி. மழை நேரம், ரோட்டுல என்னமும் ஆவும்" என்றார்.

"வண்டிக்கு ஏற்கெனவே இன்சூரன்ஸ் இருக்கு. ஆபீஸ்ல காலம் பூரா இந்த மாதிரிப் பேப்பர் பாத்தவன்யா நான்."

"ஒங்க இஷ்டம். பெறவு என்னைய ஏசப்பிடாது" என்று சிரித்தார்.

வண்டிக்கு இருந்த அந்தப் பாலிசியை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நம் வண்டி பிறர் மேல் மோதினால் அவர்களுக்குப் பணம் கொடுக்கும் பாலிசி அது. நம் வண்டிக்கு ஒன்றும் கிடையாது. மிச்சமான பணத்தை, வண்டி பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று சபையில் ஸ்தோத்திரக் காணிக்கையாகப் போட்டேன். என் பெயரில். ஆராதனையில் பெயரை வாசித்தார்கள்.

செல்வின் ரயிலேறி வந்தான். லாரி ஆபீஸில் ரசீதில் இன்சூரன்ஸ் இல்லை என்றதும் ஐயாத்துரையின் சட்டையைப் பிடித்தான். "பைசாவ அமுக்கிட்டு நடிக்கீரோ வே?"

"அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. எங்கிட்ட குடுத்தீயளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"குடுத்த மாதிரிதான் ஞாபகம்" என்றேன்.

அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். எங்கள் பகுதியான லேபர் கேம்ப்பில் அவர் வீட்டு வழியே போகாமல் சுற்றிப் போகப் பழகினேன்.

எப்படியாவது இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரட்டும், விஷயம் அமுங்கட்டும் என்று முழங்காலில் நின்று அழுதேன். கம்பெனி மறுத்துவிட்டது. செல்வினுக்கு வேலை போனது. அதன்பின் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. சபையின் மூப்பர் என்பதால் முன்வரிசையில் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயாத்துரையின் மனைவி மெர்சி எழுந்தாள். "எங்க வீட்டுக்காரருக்குக் கள்ளன்னு பேராயிட்டு. எங்க அண்ணன்மாரே வீட்டுக்கு வரமாட்டேங்காவ. உண்மை வெளிய வரணும். ஜெபிங்க."

போதகர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க மூத்தவங்க. இந்த விண்ணப்பத்தை ஏறெடுங்க."

எழுந்தேன். கண்களை மூடி, "ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. நான் மனம் உருகுகிறேன் என்று நினைத்து எல்லாரும் "ஆமென், ஆமென்" என்றார்கள். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. கண்களைத் திறந்தேன்.

"பணத்தை நான் கொடுக்கவே இல்லை. ஐயாத்துரை எடுக்கவில்லை. நான் பொய் சொன்னேன்."

மெர்சி என்னைத் திட்டவில்லை. முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவளோடு வீட்டுக்குப் போய் ஐயாத்துரையிடமும் சொன்னேன். "இத அன்னைக்கே ஆபீஸ்ல வச்சி சொல்லியிருந்தா என்ன அண்ணாச்சி?" என்றார்.  லாரி ஆபீஸிலும் போய்ச் சொன்னேன். அவர் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டார். இப்போது ஐயாத்துரை தொலைவிலுள்ள உல்லாஸ்நகருக்குச் சுமை தூக்கும் வேலைக்குப் போகிறார். செல்வின் என்னோடு பேசுவதில்லை. மூப்பர் பொறுப்பை விட்டுவிட்டேன்.

ஆனால் மெர்சியின் அண்ணன்மார் அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனார்கள். ஐயாத்துரை மறுபடி சபைக்கு வருகிறார். நானும் மறுபடி ஜெபிக்கிறேன், கடைசி பெஞ்சில்.

நான் கேட்டதைக் கர்த்தர் தரவில்லை. மெர்சி கேட்டதைத் தந்தார், என் வாயாலேயே. அதற்காக அவரைத் துதிக்கிறேன். வீண்பழி சுமக்கிறவர்களே, கேட்பதை நிறுத்தாதீர்கள். மெர்சி மாதக்கணக்கில் இதையேதான் கேட்டிருக்கிறாள், எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து. என்னைப் போல முன்னால் உட்கார்ந்திருப்பவர் யாராவது இதை வாசித்தால், உண்மையைச் சொல்ல அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம்.