சுவருக்கு அந்தப் பக்கம்

போன செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பாத்ரூம் பக்கமிருந்து டொக்... டொக்... என்று சத்தம். என் மனைவி செல்வி ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கிடந்தாள். கையில் மொப் கட்டை. கணுக்கால் வீங்கியிருந்தது. விழுந்தது பத்தரைக்கு, நான் போனது பன்னிரண்டரைக்கு.

இரண்டு மணித்தியாலம் சுவரைத் தட்டியிருக்கிறாள்!

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தை விட்டு, ஹட்டன் டவுன் ஓரத்தில் வீடு வாங்கி வந்த கதையை எட்டு மாதத்துக்கு முன் இதே பத்திரிகைப் பக்கத்தில் பீற்றிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். மூலையில் பார்மசி, எதிரே பேக்கரி, மகளின் பாடசாலை இரண்டு வளைவு தள்ளி, ஆஸ்பத்திரிக்கு த்ரீவீலரில் பத்தே நிமிடம்... வசதிக்கு ஒரு குறையும் இல்லை என்று முடித்திருந்தேன்.

ஆஸ்பத்திரி பத்து நிமிடத்தில் இருக்கிறது, சரி. த்ரீவீலரை யார் கூப்பிடுவது? போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது.

செல்வி ஏன் சுவரைத் தட்டினாள் என்று லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். லயத்தில் வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டியிருக்கும். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். எங்கள் லயத்தில், இரண்டு தட்டு என்றால் கொஞ்சம் வந்துவிட்டுப் போ. விடாமல் தட்டினால், அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு ஓடி வா. செல்விக்குப் பிரசவ வலி கண்டபோது பக்கத்து வீட்டு அக்காவை வரவழைத்ததும் அந்தச் சுவர்தான். பழகிய கை, விழுந்ததும் தானாகத் தட்டியிருக்கிறது.

இந்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து, பிறகு மதில். பக்கத்து வீடு அதற்கும் அப்பால்.

கணுக்கால் எலும்பில் வெடிப்பு. ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும் செல்வி சொன்னாள்:

"ஏங்க, நீங்களும் புள்ளையும் போயிட்டா நான் இங்க தனியா இருக்க மாட்டேன். லயத்துக்கே போயிருவோம்."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை ஆசையாக வாங்கிய வீடு! கத்திக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன். தெரியாத இடத்தில் யாரை என்று சொல்லிக் கத்துவது என்று திருப்பிக் கேட்டாள்.

மறுநாள் மாலை பக்கத்து வீட்டு அம்மா சூப்போடு வந்தார். ஹார்ட்வேர் கடை முதலாளியின் மனைவி. கட்டுப்போட்ட காலோடு செல்வி த்ரீவீலரிலிருந்து இறங்கியதை ஜன்னலில் பார்த்திருக்கிறார். நாங்கள் குடிவந்த அன்றே வர நினைத்தாராம். கேட்டில் எப்போதும் பூட்டு தொங்கவே, யாரோடும் பழக விரும்பாதவர்கள் போல என்று விட்டுவிட்டாராம். பூட்டைப் போட்டவன் நான்தான். டவுன்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். லயத்தில் கேட் ஏது?

செல்வி விழுந்த கதையைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"சத்தம் கேட்டுச்சு தங்கச்சி. நான் குசினியில சமைச்சிக்கிட்டுத்தான் நின்னேன். ஏதோ ஆணி அடிக்கிறீங்கன்னு நெனச்சிட்டேன்."

கேட்டிருக்கிறது! சத்தம் கேட்பதற்குப் பக்கத்தில் இருந்தால் போதும். அது என்ன சத்தம் என்று புரிவதற்குக் கொஞ்சமாவது பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்குத்தான் நான் பூட்டுப் போட்டு வைத்திருந்தேன்.

அவர் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் சுவரைத் தட்ட வேண்டாம், பாத்ரூம் ஜன்னல் வழியாகப் பேரைச் சொல்லி ஒரு குரல் கொடுத்தால் போதும், உடனே ஓடி வருகிறேன் என்றார். செல்வி தலையாட்டினாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"ஒங்க பேரு என்னங்க அக்கா?"

நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்... எட்டு மாதமாக எனக்கும் தெரியாது.