ஆணியில் மாட்டிய கழுத்துப்பட்டை

எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. இந்த வீட்டிலிருந்து விற்றுப்போன மாடுகளின் கயிறுகள் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. மாட்டை விற்கலாம், கயிற்றைக் கொடுக்கக் கூடாது. வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போவார். பழையதை அவிழ்த்து நாங்கள் வைத்துக்கொள்வோம். கயிறும் கூடவே போனால் கொட்டகையின் ராசியும் போய்விடும் என்பார்கள். என் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. எனக்கு அந்த ஆணியைப் பார்த்தாலே எரிச்சல் வரும். பூச்சி கூடு கட்டத்தான் லாயக்கு, எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் போடுங்கள் என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். இப்போது அதற்காகக் கத்துவதில்லை.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள் நான். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டும் உண்மை. நாய்க்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருந்ததில்லை. பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பாள். அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து அடிபட்ட நாய்களை எடுத்து வைத்தியம் பார்த்து, வளர்க்க ஆள் தேடிக் கொடுக்கிறார்கள். ஆபீஸ் கிடையாது, கொட்டகை கிடையாது, சம்பளம் கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுதான். ஆள் கிடைக்கிற வரைக்கும் நாய் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். ஒருநாள் ஜாக்கெட் வாங்க வந்தவள் ஆட்டோவிலிருந்து ஒரு நாயையும் இறக்கினாள்.

"அக்கா, பத்து நாளைக்கு மட்டும் வெச்சுக்கோங்கக்கா. ஆளு பாத்துட்டோம்னா தூக்கிட்டுப் போயிடறேன்."

"அய்ய, என் வூடு என்ன சத்திரமா? துணியெல்லாம் நாசமாப் போயிடும், எடுத்துட்டுப் போ பாப்பா" என்றேன்.

அவள் போகவில்லை. நாயும் போகவில்லை. செவலை நிறத்தில் ஒரு பெட்டை நாய். பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏதோ வண்டி ஏறி, பின்னங்கால் ஒன்று நொறுங்கி, காலிப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. காலில் மாவுக்கட்டு. என் மிஷினுக்கு அடியில், பெடலுக்குப் பக்கத்தில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் என்றவள் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். மாதக்கணக்கில் இருந்தது.

அந்தக் குழுவினருக்கு ஒரு சட்டம் உண்டு. வைத்திருக்கிறவர்கள் நாய்க்குப் பேர் வைக்கக் கூடாது; பேர் வைத்தால் விட மனசு வராதாம். நான் சட்டத்தை மீறவில்லை. "ஏ புள்ள" என்று மட்டும் கூப்பிட்டேன். புள்ளைக்குச் சோற்றைவிடத் தக்காளி மேல்தான் ஆசை. மண்டியில் இருந்த பழக்கம் போலிருக்கிறது. ரசத்துக்கு எடுத்துவைத்த தக்காளியை எத்தனை முறை திருடியிருக்கிறது, எத்தனை முறை விளக்குமாற்றைத் தூக்கியிருக்கிறேன்! அடித்தது கிடையாது. விளக்குமாறு எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு விளையாட்டுச் சாமானாகிப் போனது.

கடையில் விற்கிற பெல்ட்டைக் கட்டினால் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தது. அதனால் ஜாக்கெட் வெட்டிய லைனிங் துணியை நாலு மடிப்பாக மடித்து நானே ஒரு கழுத்துப்பட்டை தைத்தேன். குழுவில் கொடுத்த வட்டத் தகட்டை அதில் கோத்துவிட்டேன். தகட்டில் மருந்துக்கடைப் பெண்ணின் போன் நம்பர் இருந்தது. நாய் தொலைந்தால் பார்த்தவர்கள் கூப்பிட வேண்டுமே.

என் வீட்டுக்காரர் முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். "மாட்டுக்கே தீவனம் வாங்க முடியல, இதுல நாயி ஒண்ணு கேடு" என்றார். அப்புறம் பால் கறந்துவிட்டு வரும்போது கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிவைப்பார். கேட்டால், மிச்சம் என்பார். கறவையில் ஏது மிச்சம்?

கால் கூடியது, ஆனால் நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. ஆள்தான் கிடைக்கவில்லை. போன் செய்கிறவர்கள் எல்லாம், "குட்டி இல்லீங்களா? ஆண் இல்லீங்களா?" என்றார்கள். பெட்டை என்றால் யோசித்தார்கள், நொண்டி என்றால் போனை வைத்துவிட்டார்கள். ஒருமுறை மருந்துக்கடைப் பெண் கையிலிருந்து நானே போனைப் பிடுங்கி, "உங்க வூட்டுப் பொண்ணு கால்ல அடிபட்டா இப்பிடித்தான் போன வெப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவள் அதற்குப் பிறகு என்னிடம் போனைத் தரவில்லை.

கடைசியில் தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி தவறிவிட்டார், மகள் பெங்களூரில். தனி வீடு, காம்பவுண்டுச் சுவர், கேட். பெட்டை என்று சொன்னோம். "ரைட்டுங்க" என்றார். நொண்டும் என்றோம். "ரைட்டுங்க. பஸ்ல நின்னு நின்னு எனக்கும் முட்டி போயிடுச்சு. ரெண்டு பேரும் மெதுவா நடந்துக்கறோம்" என்றார். அந்த மனுஷனுக்கு அன்றைக்கே நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அவர் வந்து அழைத்துப் போன அன்று நான் வெளியே வரவில்லை. ஒரு ஜாக்கெட்டை எடுத்துவைத்துக்கொண்டு, கொக்கி தைக்கிறேன் என்று உள்ளேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஆட்டோ கிளம்பிய சத்தம் கேட்டது. மிஷினுக்கு அடியில் காலை நீட்டினேன். தாராளமாக இடம் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. அவர் குரல் குரலாகவே இல்லை.

"ஏம்மா... புள்ள ஓடிப்போயிடுச்சுங்கம்மா. நடக்கக் கூட்டிட்டுப் போனேன், யாரோ பட்டாசு வெடிச்சாங்க. துள்ளுன துள்ளுல பெல்ட்டு கழண்டுடுச்சு. பெல்ட்டு மட்டும் என் கையில இருக்குதுங்க."

வாய்க்கு வந்தபடி பேசினேன். ஒரு நாயைக் கையில் பிடிக்கத் தெரியாதா, இத்தனை வருஷம் பஸ்ஸில் எப்படித்தான் ஆளை ஏற்றி இறக்கினீர்கள் என்றெல்லாம் கேட்டேன். எனக்கே மூச்சு வாங்கியபோது, "சரி, கழுத்துல நம்பர் இருக்குதில்ல, யாராச்சும் பாத்துக் கூப்புடுவாங்க" என்றேன்.

"எந்த நம்பருங்க? நான் கட்டுன புது பெல்ட்டு மட்டுந்தான இருந்துச்சு. பழச உங்க வூட்டுக்காரரு அவுத்துக்கிட்டாருங்களே."

நான் கொட்டகைக்கு ஓடினேன். மாட்டுக் கயிறுகளுக்கு மேலே, லைனிங் துணியில் நான் தைத்த பட்டை, தகட்டோடு அந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று நான் போட்ட சத்தத்தில் மாடே குடிப்பதை நிறுத்திவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது.

"வூட்ட விட்டுப் போறதுக்குக் கயித்தக் குடுத்தனுப்புவாங்களா? நான் என்னத்தக் கண்டேன், அவுத்து மாட்டிட்டேன்."

"அது மாடாங்க? நாயிங்க!"

"நம்ம வூட்டுல கட்டியிருந்ததுதான அதுவும்?" என்றார்.

மாட்டுக்கே தீவனம் இல்லை, இதில் நாய் ஒன்று கேடு என்று சொன்ன மனுஷன், அந்த நொண்டி நாயையும் வீட்டுச் செல்வத்தில் சேர்த்துவைத்திருந்திருக்கிறார். அதைச் சொல்லத் தெரியாமல் கயிற்றை அவிழ்த்து மாட்டியிருக்கிறார். அந்த மலையடிவாரத்தில், ஊர் தெரியாமல், கழுத்தில் ஒன்றும் இல்லாமல் நொண்டிக்கொண்டு திரியும் ஒரு நாயை யார் வீட்டு நாய் என்று நினைப்பார்கள்? கல்லால்தான் அடிப்பார்கள்.

மருந்துக்கடைப் பெண்ணுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன், பட்டை அழுக்காக இருக்கிறது, துவைத்து வைக்கிறேன் என்றேன். அவள் அலறினாள். "அக்கா, துவைச்சுடாதீங்க! அதுல உங்க வூட்டு வாசன இருக்குது. அத அப்பிடியே கொண்டுபோய் அவரு கேட்டுல கட்டுங்க. யாரும் தொரத்தக் கூடாது, கத்திக் கூப்புடக் கூடாது. சாப்பாடு வெச்சுட்டு, அதப் பாக்காம முதுகு காட்டி உக்காரணும். பயந்த நாயி தானாத்தான் வரும்."

விடிந்ததும் நானும் வீட்டுக்காரரும் வண்டியில் கிளம்பினோம். தர்மபுரி, அரூர் தாண்டிப் போனோம். கண்டக்டர் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம். திட்டுவதற்கு என்று வழியெல்லாம் நான் சேர்த்துவைத்திருந்தது அத்தனையும் அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. "இறுக்கிக் கட்ட மனசு வரலீங்கம்மா. கழுத்து வலிக்குமோன்னு ஒரு ஓட்ட தள்ளிப் போட்டேன்" என்றார். பட்டையைக் கேட்டில் கட்டினோம். கீழே தட்டில் சோறும் தக்காளியும் வைத்தோம். இருட்டும் வரை இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அந்த நாட்களை நினைத்தால் இன்னும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அந்த நாயைத் தேடினார்கள். மலையடிவாரத்தில் பூ விற்கிற அம்மா, டீக்கடைக்காரர், கோயிலுக்கு வந்துபோகிறவர்கள் என்று ஒருவர் விடாமல் போட்டோவைப் பார்த்து, "காலையில படிக்கட்டுப் பக்கம் பாத்தோம்", "கொளத்தோரம் போச்சு" என்று சொல்லி அனுப்பினார்கள். குழுவில் இருந்தவர்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு முறை வைத்துப் போனார்கள். யாருக்கும் அதில் ஒரு காசு லாபம் கிடையாது. எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடம் மாற்றித் தைத்துவிட்டு அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் மட்டும் தினமும் பால் கறந்துவிட்டு, அந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி வைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. வீடியோ. கண்டக்டர் கேமராவை மெல்லத் திருப்பிக் காட்டினார். கேட்டுக்கு அடியில், அவிழ்ந்து விழுந்த பட்டையை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, புள்ள படுத்திருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

உடனே இரண்டு பேரும் கிளம்பினோம்; போகும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். இனி யாருக்கும் கொடுப்பதில்லை, சட்டமாவது மண்ணாவது, என் மிஷினுக்கு அடியிலேயே கிடக்கட்டும். நாங்கள் இறங்கியதும் அது ஓடிவந்த வேகம் இருக்கிறதே! நொண்டிக்கொண்டே வந்து, என் மேல் விழுந்து, வீட்டுக்காரர் மேல் விழுந்து, அழுவது போல ஒரு சத்தம் போட்டுக்கொண்டே முகமெல்லாம் நக்கியது. நானும் வெட்கம் பார்க்காமல் தெருவில் உட்கார்ந்து அழுதேன்.

கண்டக்டர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கூட்டிட்டுப் போயிடுங்கம்மா. எனக்கு அந்த யோக்கியத இல்லீங்க" என்றார். அன்றைக்கு அவர் வாயில் ரைட் வரவில்லை. சொல்லிவிட்டு, இத்தனை நாளும் செய்தபடியே, தட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார். முட்டி மடங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

புள்ள என் மடியிலிருந்து எழுந்தது. நின்று என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாக நடந்துபோய், அவர் முதுகில் தன் முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது. நாங்கள் வந்து சேரும் வரைக்கும் அப்படித்தான் படுத்திருந்தது போல. அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பொறாமை போன கையோடு வந்தது ஒரு பெரிய நிம்மதி. வேண்டாம் என்று ஊரே போனை வைத்த ஒரு நாய்க்காக, ஒரு மனுஷன் முட்டி வலியோடு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். இதைவிட நல்ல இடம் நான் எங்கே போய்த் தேடுவது?

என் வீட்டுக்காரர் பட்டையை எடுத்தார். மண்ணைத் தட்டினார். இதுவரை ஒரு மாட்டுக்கும் கயிறு கொடுத்தனுப்பாத மனுஷன், குனிந்து புள்ளையின் கழுத்தில் அதைக் கட்டினார். ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு, "இருக்கட்டும், இதோடயே இருக்கட்டும்" என்றார்.

கண்டக்டரும் எங்கள் பக்கத்து மனுஷர்தானே, அவருக்குத் தெரியாதா? உள்ளே போய், கழன்றுபோன அந்தச் சிவப்பு பெல்ட்டை எடுத்துவந்து என் வீட்டுக்காரர் கையில் வைத்தார். "வெறுங்கையோட போகாதீங்க. ஆணியில மாட்டிக்கோங்க" என்றார்.

"ரைட்டுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

பெல்ட் ஆணிக்குப் போனது. ராசி ஒன்றும் குறையவில்லை. மாடு வழக்கம்போலப் பால் கொடுக்கிறது, நான் வழக்கம்போலக் கத்துகிறேன். போன வாரம் மருந்துக்கடைப் பெண் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் ஒரு கறுப்புக் குட்டி, அதுவும் பெட்டைதான். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் கொட்டகைக்குப் போய் அந்தச் சிவப்பு பெல்ட்டோடு வந்து என் மிஷின் மேல் வைத்தார்.

"இதுல இன்னும் ரெண்டு ஓட்ட போட்டுக் குடு. கழுத்துல நிக்கணும்."