மூசாவுக்குச் சாட்சி சொன்னவர்

இல்ஃபோர்ட் கோயில் சமையற்கட்டில் சந்திரவதனா அக்கா வைத்ததுதான் சட்டம். அவர் உப்புப் பார்க்காமல் சாம்பார் வாளியில் ஏறாது. கோயில் தலைவரே வந்து கேட்டாலும் பூசை முடியுமுன் வடை கிடையாது. பாரிசில் நெடுங்காலம் ஹோட்டல் அறைகள் துடைத்துவிட்டு, மகளோடு இங்கே வந்து சேர்ந்தவர். வாய் பொல்லாதது. வெள்ளிக்கிழமைகளில் நான் அவருக்கு மரக்கறி வெட்டிக் கொடுத்து ஏச்சும் வாங்குவேன்.

அன்னதானத்துக்குச் சாப்பிட வந்த மூசா, யாரும் கேளாமலே பெரிய சோற்றுக் கிடாரங்களைக் கழுவத் தொடங்கினான். மாலி நாட்டுத் துவாரெக் இனத்தவன், அகதி விடுதியில் இருந்தான். அக்காவோடு பிரெஞ்சில் பேசுவான். துவாரெக் கிளர்ச்சிக்காரர் தன் ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனபோது, அரசாங்கத்தின் பக்கம் நின்ற துவாரெக் ஊர்காவல் படையில் சேர்ந்ததாகச் சொன்னான். பிறகு அதே அரசாங்கத்தின் ராணுவம், துவாரெக் என்றாலே சுட்டது. கிளர்ச்சிக்காரருக்கோ அவன் துரோகி. திருப்பி அனுப்பினால் எந்தப் பக்கம் போனாலும் சாவுதான்.

"அரசாங்கத்தோட நிண்டவனுக்கு ஏனக்கா இவ்வளவு உபசாரம்?" என்றேன்.

"அவன் ஒண்டையும் ஒளிக்கேல்லையே. முகத்தைப் பாத்துச் சொன்னவன். நீ வெங்காயத்தை வெட்டு."

இதைச் சொன்னவரின் கணவரைக் காட்டிக்கொடுத்ததே முகம் மூடிய ஒரு தலையாட்டிதான். போர்க்காலத்தில் ஊரில் ஒரு சுற்றிவளைப்பு. பள்ளிக்கூட மைதானத்தில் ஆண்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். ஆமிக்காரனுக்குப் பக்கத்தில் இருந்தவன் தலையை ஆட்டினான். கொண்டுபோனார்கள். ஆள் திரும்பவேயில்லை.

மூசாவின் அகதி வழக்கு மேன்முறையீட்டுக்கு வந்தது. அவனை நன்கு அறிந்த ஒருவர் சாட்சி சொன்னால் உதவும் என்றாள் அவனுடைய வழக்கறிஞர் பிறேமினி. அக்கா மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். நீதிமன்றத்துக்குத் துணைக்கு நானும் போனேன்.

அன்று மூசா தன் ஊர் வழக்கப்படி நீலத் துணியால் தலைப்பாகை கட்டி வந்திருந்தான். சமையற்கட்டுச் சூட்டில் அவனை அப்படி நாங்கள் பார்த்ததேயில்லை. அக்கா சாட்சிக் கதிரையில் அமர்ந்ததும், துணியின் நுனியை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டான். கண்கள் மட்டும் தெரிந்தன.

"இவர் அங்கே யாரையும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார் என்று நம்புகிறீர்களா?" அரசாங்க வழக்கறிஞர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

அக்கா அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்று தலையை ஆட்டினார். நீதிபதி மறுபடி கேட்டார். மறுபடியும் ஆட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், திரும்பும்போது ரயிலில் வேறு பெட்டியில் ஏறினேன்.

வழக்குத் தோற்றது. சாட்சிக்கே நம்பிக்கையில்லை என்று தீர்ப்பில் இருந்ததாம். அதைப் பிறேமினி எங்களிடம் சொன்னாள், அவனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இனிச் செய்ய ஒன்றுமில்லை, எந்த நாளும் பிடித்து விமானத்தில் ஏற்றுவார்கள் என்றாள்.

அந்த வெள்ளியும் மூசா கிடாரம் கழுவ வந்தான். அன்றைக்கு ஏன் முகத்தை மூடினாய் என்று அக்கா கேட்டார். அவன் சொன்னதை எனக்கும் தமிழில் சொன்னார். பெரியவர்களுக்கு முன்னால் வாயைக் காட்டுவது அவன் ஊரில் மரியாதைக் குறைவாம். தனக்காக அந்தக் கதிரையில் வந்து இருந்தவருக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா என்று கேட்டானாம்.

அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். பிரெஞ்சில் சொல்ல அவருக்குத் துணிவில்லை.

"மோனை, உன்னைக் காட்டிக் குடுத்தது நான்தானடா" என்றார் தமிழில்.

மூசாவுக்குத் தெரிந்த தமிழ் இரண்டே சொல். "ஓம், அம்மா" என்றான்.