அக்கார்டியனுக்கு விட்ட இடைவெளி

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். பாடகி ஹசிபா, அவருடைய மகள் அம்ரா, ஒலிபெருக்கிக்காரர் செல்வம் அண்ணை, பிறகு நான். இல்லாதவர் ஹசிபாவின் கணவர். முப்பது வருடம் பக்கத்திலிருந்து அக்கார்டியன் வாசித்தவர், அந்தப் பனிக்காலத்தில்தான் இறந்திருந்தார்.

ஏன் நினைவுக்கு வந்ததென்றால், நேற்று வெக்ஸ்போர்டில் மெத்தை வாங்கப் போனேன். கடைக் கூரையில் எங்கள் ஸ்பீக்கர் மாட்டிய கொக்கி! பழைய கல்யாண மண்டபமேதான். "படுத்துப் பாருங்கோ அண்ணை" என்றாள் விற்கிற பெண். படுத்தேன். மணவறை வைக்கிற இடத்தில் கிடக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

கொலிஜ் படித்துக்கொண்டே செல்வம் அண்ணையிடம் வேலை செய்த காலம். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அதனாலோ என்னவோ, எதையும் பேப்பரில் எழுதினால்தான் நிம்மதி. "உவன் பேப்பரைப் பாத்துத்தான் மூச்சு விடுவான்" என்பார் அண்ணை.

ஹசிபா பதினாறு வயதில் பொஸ்னியாவின் ஆற்றங்கரை ஊரொன்றில் கல்யாணங்களுக்குப் பாடத் தொடங்கியவர். மெதுவான பழைய காதல் பாட்டுகள். பிறகு வானொலி. போரில் வானொலி நிலையத்தோடு அவருடைய ஒலிநாடாக்களும் எரிந்தன. எரிந்ததைப் பற்றி, ஊர்ப் போரில் தப்பி வந்த எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அகதியாக இங்கே வந்து, ரெக்ஸ்டேல் பக்கம் பேக்கரி வேலை. சனிக்கிழமைகளில் தம் ஆட்களின் கல்யாணங்களில் கணவரோடு பாட்டு. ஒன்றுகூடப் பதிவில் இல்லை. திங்கட்கிழமை தொண்டையில் ஆபரேஷன், குரல் மிஞ்சாது என்று டொக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்கு முதல் வெள்ளி மத்தியானம் தாயும் மகளும் பதிவு செய்ய எங்களிடம் வந்தார்கள். ஒரே ஒரு பாட்டு. அதற்குமேல் தொண்டை தாங்காது.

"டேய், இண்டைக்குப் பிழை விடக்கூடாது, விளங்குதே?"

"ஓம் அண்ணை. நாலு நிமிசப் பாட்டு. மகளிட்டைக் கேட்டு எழுதிட்டன்."

பக்கத்தில் வெறும் நாற்காலி ஒன்று போடச் சொல்லிவிட்டு ஹசிபா பாடினார். ஒரு சொல்லும் புரியவில்லை. நாலு நிமிடம் தாண்டியது. குரல் நின்றது. கண்ணை மூடியிருந்தார். ஐந்து, ஆறு, ஏழு என்று வினாடிகளை எண்ணினேன். பேப்பரைப் பார்த்தேன். நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன்.

அம்ராவின் விரல்கள் முழங்காலில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். ஹசிபா நாற்காலிப் பக்கம் திரும்பித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அக்கார்டியன் வாசிக்கிற இடம் அது. கணவரை வாசிக்க விட்டிருக்கிறார்.

கடைசிச் சரணம் தொடங்கியது.

மெசின் முந்திய பதிவைச் சேமித்துக்கொண்டிருந்தது. அது முடியாமல் திரும்ப எடுக்காது. திரையில் பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது.

"போடடா, போடு!" பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார் அண்ணை.

"எடுக்குதில்லை அண்ணை."

கோடு முடிந்தபோது பாட்டும் முடிந்திருந்தது.

நான் ஆங்கிலத்தில் திக்கித் திக்கிச் சொன்னதை அம்ரா தாயிடம் சொன்னாள். ஹசிபா தொண்டையைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையசைத்தார். பிறகு என் கன்னத்தில் மெல்லத் தட்டினார். அதைவிட அடித்திருக்கலாம்.

மண்டபம் மெத்தைக் கடையாகிவிட்டது. அண்ணை சாமான்களை விற்றுவிட்டு ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். ஹசிபாவுக்குக் காற்றுத்தான் வருகிறது, குரல் இல்லை. பதிவு நிற்கிற இடம் வரை கேட்பாராம். அதற்குப் பிறகு உதடு மட்டும் அசையுமாம்.

அன்று அண்ணை காசு வேண்டாமென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஹசிபா விடவில்லை, மிக்ஸருக்கு மேல் வைத்துவிட்டுப் போனார். இருநூற்று நாற்பது டொலர். முழுப் பாட்டுக்கும்.