தொண்ணூற்றொன்று

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த காலத்தில், 91 ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் வகுபடாத முதன்மை எண் என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன். வாசலில் நின்ற சக ஆசிரியர் நேசன், "ஏழு பதின்மூண்டு எவ்வளவு, மாஸ்டர்?" என்றார். வகுப்பே சிரித்தது. இருபது வருடம் கழித்து, ரொறன்ரோவில் நான் வேலை செய்த தொழிற்சாலைக்கே வந்து சேர்ந்த நேசன் அந்தக் கதையை இங்கேயும் பரப்பினார். எல்லோருக்கும் நான் 'தொண்ணூற்றொண்டு அண்ணை' ஆனேன்.

பழிவாங்க ஓர் எண் தேடி வைத்திருந்தேன். யுத்தம் முடிந்த கிழமை, சாப்பாட்டு அறைப் பலகையில் 1000001 என்று எழுதினேன்.

"நேசன், உது முதன்மை எண்ணோ?"

அவர் இரண்டில் தொடங்கி முதன்மை எண்களால் வகுத்துக்கொண்டே போனார். 97உடன் பேனையை வைத்தார். "ஓம், முதன்மை எண்தான்."

"நூற்றொண்டாலை பிரியும், மாஸ்டர்!" என்று கத்தினேன். அறையே சிரித்தது. எனக்கு இனித்தது.

அவர் கோபப்படவில்லை. "வன்னிச் சண்டைக்குள்ளை மாட்டின தம்பியின்ரை சேதியே இல்லை. உதை வகுத்த அரை மணித்தியாலம்தான் அவனை நினைக்கேல்லை. இன்னொண்டு தாரும். கெதியிலை முடியாததாய்த் தாரும்."

1000003 என்று எழுதிக் கொடுத்தேன். அது உண்மையிலேயே முதன்மை எண். 997 வரை வகுத்தால்தான் தெரியும். மூன்று நாள் வகுத்தார். நாலாம் நாள் வேலைக்கு வரவில்லை. தம்பியின் செய்தி வந்துவிட்டது.

துக்கம் விசாரிக்கப் போனேன். கூடியிருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "எங்கடை கணித மாஸ்டர்" என்றார்.

தொண்ணூற்றொண்டு என்றே சொல்லியிருக்கலாம்.