பத்து லட்சத்து ஒன்பது

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தப்பு செய்தேன். அதையும் பேனாவால் செய்தேன்... அழிக்க முடியாது.

ஸ்ரீபெரும்புதூரில் இருதயராஜைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு காலத்தில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மனைவி ஸ்டெல்லாவுக்கும் அங்கேயே, அதே வேலை. இவருக்குக் காலை ஷிப்ட், அந்தம்மாவுக்கு மதிய ஷிப்ட். ஸ்டெல்லா இறந்து ஆறு மாதம் ஆகிறது.

மேஜைமேல் ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் பெரிதாக 10,00,009.

“இது என்ன கணக்கு?”

“பந்தயம் சார். இது பகா எண்ணுன்னு ஸ்டெல்லா சொன்னா. எதாலயும் வகுபடாதாம். நான் வகுபடும்னேன்.”

ஆயிரம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், முடிவு தெரிந்துவிடும். கால்குலேட்டர் கூடாது என்று ஒப்பந்தம். 2 இவருக்கு, 3 ஸ்டெல்லாவுக்கு, 5 இவருக்கு... ஆளுக்கொரு ஷிப்டில் இருந்த புருஷனும் பெண்சாதியும் வேலை நாட்களில் பேசிக்கொண்டதே இந்த நோட்டில்தான்! ஸ்டெல்லாவின் கடைசி வரி 271. மீதி 19. அதற்குப் பிறகு இவருடைய வரிகள் மட்டும் 991 வரை ஓடியிருந்தன. ஸ்டெல்லாவின் வரிகள் காலி.

“இதையும் நீங்களே போட்டுடலாமே?”

“அது எப்டி சார்? கம்பெனி ரிஜிஸ்டர்லயே அடுத்தவங்க ஷிப்ட் வரியில கை வெக்க மாட்டோம். ஆளு வரலன்னா காலியா உட்டுடணும்” என்றார். “ஆஸ்பத்திரியில ‘நீதான் ஜெயிச்சே’ன்னு சொன்னேன் சார். சிரிச்சிக்கினே கண்ண மூடுனா. அப்பறம் என் வரியெல்லாம் முடிச்சிட்டேன். ஒண்ணுலயும் வகுபடல.”

டீ போட உள்ளே போனார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி! என் சட்டைப்பையில் புது கால்குலேட்டர். ஸ்டெல்லாவின் முதல் காலி வரி 281 — மீதி 211. எழுதினேன். அடுத்தது 293 — மீதி... பூஜ்யம்! 293ஐ 3413ஆல் பெருக்கினால் சரியாகப் பத்து லட்சத்து ஒன்பது. உற்சாகத்தில் அதையும் எழுதிவிட்டேன்.

டீயோடு வந்தவர் நோட்டைப் பார்த்தார்.

“வகுபடுது. பந்தயத்துல நீங்கதான் ஜெயிச்சீங்க!” என்றேன். என் நாக்கை என்னவென்று சொல்ல?

டம்ளரை வைத்துவிட்டு, அந்த வரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். கண்ணீர் விரல்மேல் விழுந்தது. வரி காலியாக இருந்தவரை ஸ்டெல்லா ஜெயித்தவள். அது என் மரமண்டைக்கு உறைத்தபோது டீ ஆறிப்போயிருந்தது.

“இன்னும் ரெண்டே வரி சார்... அவளே கண்டுபுடிச்சிருப்பா. தோத்தாலும் அவ கையாலதான தோத்திருக்கணும்?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். பஸ் ஏறி வீடு வந்த பிறகும் மனசு ஆறவில்லை.

சரியான விடை எழுதியதற்காக மன்னிப்புக் கேட்டவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.